வன்னிப் பெருநிலமும் மின்கலமும்

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அடங்காப்பற்றின் வன்னிமைகளையும், குளங்கட்டி நிலம் திருத்திய முறையையும், 1803 ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனின் ஆண்மையையும் விரித்துரைப்பர். அது தகுவதே. எனினும் மக்கள் நாடோறும் கையிலெடுத்துக் கையாண்ட சிறு பொருள்களுக்கும் வரலாற்றில் இடமுண்டு. நாகத் தகட்டாலாய சிறு குவளையுள் காபன் கோலொன்றை நிறுத்திச் செய்யப்பட்ட உலர்மின்கலம், பேச்சு வழக்கிலே ‘பற்றரி’ எனப்படுவது, அத்தகைய பொருள்களுள் ஒன்று. 20 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் வவுனியா மாவட்டத்தின் வடபாலிலும் வாழ்ந்த குடும்பங்கட்கு, நெல்லும் மண்ணெண்ணெயும் மருந்தும் எவ்வாறு அரிய பொருள்களாயினவோ அவ்வாறே இதுவும் அரிய பொருளாயிற்று. எக்கலத்தை எக்கருவிக்கு இடுவது, சோர்ந்த கலத்தை எவ்வாறு தேற்றுவது, எது நம்பத்தக்கது, எது வேண்டியபோது கைவிடும் என்பன பிற நாடுகளில் ஆய்வுகூடங்களில் ஆராயப்பட்டன. வன்னியிலோ வீட்டுத் திண்ணைகளில் ஆராயப்பட்டன.

கலத்தின் பிறப்பைச் சுருக்கமாகக் காண்போம். இத்தாலிய அறிஞர் வோல்ற்றா 1800 ஆம் ஆண்டில் இருவகை உலோகத் தட்டுகளை மாறிமாறி அடுக்கி, உப்புநீரில் தோய்ந்த துணியை இடையிலிட்டு, இடையறாத மின்னோட்டத்தைப் பெற்றார். 1866 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு இலெக்கிளாஞ்சே என்பார் நாகத்தையும், மங்கனீசீரொட்சைட்டுச் சூழ்ந்த காபன் கோலையும் நவச்சாரக் கரைசலில் நிறுத்திப் புதியதொரு கலம் கண்டார். இருபது ஆண்டுகளின் பின்னர்ச் செருமானியராகிய காசுனர் அக்கரைசலைப் பசையாக்கி அடைத்துச் சிந்தாத உலர்கலமாக்கினார். இன்றும் கடைகளில் மலிவாக விற்கப்படும் கலம் இவ்விருவர் ஆக்கத்தின் வழித்தோன்றலே.

இக்கலத்துக்கு ஓர் இயல்புண்டு. பின்வரும் செய்திகளை விளங்கிக்கொள்வதற்கு அதனை அறிதல் வேண்டும். மின்னோட்டம் செல்லுங்கால் காபன் கோலைச் சூழ ஐதரசன் தோன்றி ஓட்டத்தைத் தடுக்கின்றது. மங்கனீசீரொட்சைட்டு அதனை அகற்றுமாயினும் மெல்லவே அகற்றும். ஆகலின் கலம் தொடர்ந்து உழைத்தால் சோரும். சிறிது ஓய்ந்தால் தேறும். அன்றியும் கலம் பழையதாக ஆக அதன் அகத்தடை வளர்கின்றது. அகத்தடை வளர்ந்த கலம் சிறு ஓட்டத்தைக் கேட்குங் கருவிக்கு ஈடுகொடுக்கும். பேரோட்டத்தைக் கேட்குங் கருவியின்முன் அதன் உவோற்றளவு சட்டென வீழும். எனவே ஒரு கலம் ‘முடிந்துவிட்டது’ என்பது அரைகுறைக் கூற்று. எக்கருவிக்கு முடிந்துவிட்டது என்று கேட்டல் வேண்டும்.

வன்னிக்கு மின்கலம் புகையிரதத்தோடு வந்ததெனக் கொள்ளலாம். வடபுகையிரதப் பாதை 1905 ஆம் ஆண்டில் முற்றுப்பெற்று வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி ஆகிய இடங்களை இணைத்தது. அக்காலத்து நிலையங்களின் தந்திக் கருவிகள் உலகெங்கும் கலங்களைக் கொண்டே இயங்கின. கொழும்பில் 1925 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. மின்வசதியற்ற ஊர்களில் வால்வு வானொலியை இயக்குதற்குப் பெரிய கல அடுக்குகள் வேண்டியிருந்தமையால் அது செல்வர் வீட்டுப் பொருளாகவே நின்றது. 1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த திரான்சிஸ்ரர் வானொலி அந்நிலையை மாற்றிற்று. அடுத்த இரு பத்தாண்டுகளுக்குள் வயற்காவலுக்குச் செல்பவன் தோளிலும் வானொலி தொங்கிற்று. கையில் ரோச் விளக்கு இருந்தது. காடும் பாம்பும் யானையும் மிக்க நாட்டில் ரோச் விளக்கு அணிகலனன்று, உயிர்க்காப்பு.

மின்வழியும் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை மின்பகுப்பு முறையால் எரிசோடாவும் குளோரீனும் ஆக்கிய காலமுண்டு. உப்புக்கரைசலில் மின்னைச் செலுத்திப் பொருளைப் பிரித்த அதே மண்ணில், பின்னொரு காலத்தில் உப்புப் பசையிலிருந்து மின்னைப் பிழிந்தெடுக்க மக்கள் போராடியமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

1990 ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. தென்னிலங்கையிலிருந்து வன்னியூடாகச் சுன்னாகம் வரை சென்ற உயரழுத்த மின்வழி செயலிழந்தது, புகையிரதமும் நின்றது. வவுனியா நகரம் அரசின் ஆட்சியில் இருந்தது. தாண்டிக்குளத்துக்கு வடக்கே பெருநிலப்பரப்பு இருளில் ஆழ்ந்தது. அதன்மேல் அவசரகால விதிகளின்கீழ்ப் பொருட்டடை விதிக்கப்பட்டது. சீமெந்து, இரும்பு, எரிபொருள், உரம், மருந்து வகைகள் என நீண்ட பட்டியலில் உலர்மின்கலமும் இடம்பெற்றது. கலம் வெடிபொருளை இயக்கவும் போர்க்களத் தொடர்புக் கருவிகளுக்கும் பயன்படும் என்பது தடைக்குக் காட்டப்பட்ட காரணம். அக்காரணம் முற்றும் பொய்யன்று. நிலக்கண்ணிக்குக் கலம் வேண்டும். ஆயினும் படைக்கலம் பெறும் வழியுடையோர்க்கு மின்கலம் பெறும் வழியும் உண்டு என்பது வெளிப்படை. வழியற்றோர் பள்ளி மாணவனும், பிரசவத்துக்கு நள்ளிரவில் அழைக்கப்படும் மருத்துவிச்சியும், செய்திக்குக் காத்திருந்த கிழவருமே. தடையின் சுமை பெரும்பாலும் இவர்கள்மீதே விழுந்தது.

தடையினால் கலத்தின் விலை பன்மடங்காயிற்று. சோதனைச் சாவடியில் பைகள் கொட்டி ஆராயப்பட்டன. இரண்டு பென் பற்றரிகளை மறைத்துக் கொணர்தல் துணிகரச் செயலாயிற்று. எனவே கலத்தை எதற்குச் செலவிடுவது என்னும் தேர்வு கட்டாயமாயிற்று. முதலாவது முடிவு, வீட்டு விளக்குக்குக் கலத்தைச் செலவிடுவதில்லை என்பது. அதற்குச் ‘ஜாம் போத்தல் விளக்கு’ வந்தது. ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை இட்டு, அது நனையும் அளவுக்கே மண்ணெண்ணெய் விட்டு, திரியை நிறுத்தி ஏற்றுவர். போத்தலின் சுவர் சுடரைக் காற்றினின்று காத்தது. சில கரண்டி எண்ணெயில் ஓரிரவு கழியும். பொதுப் பரீட்சைகளுக்குப் படித்த ஒரு தலைமுறை இவ்வொளியிலேதான் படித்தது.

கலத்தின் முதன்மைப் பயன் ரோச் விளக்குக்கும் வானொலிக்கும் ஒதுக்கப்பட்டது. அங்ஙனம் ஒதுக்கியதில் ஓர் ஏணிமுறை அமைந்தது. ரோச் விளக்கின் மின்குமிழ் ஏறத்தாழ 0.3 அம்பியர் ஓட்டத்தைக் கேட்கும். சிறு வானொலி மெல்லிய ஒலியில் அதிற் பத்திலொரு பங்களவே கேட்கும். சுவர்க் கடிகாரமோ அதனினும் மிகச் சிறிதளவே உண்ணும். ஆகலின் புதிய கலம் முதலில் ரோச் விளக்குக்குச் சென்றது. ஒளி செம்மஞ்சளாக மங்கியதும் வானொலிக்கு மாற்றப்பட்டது. வானொலியின் குரல் கரகரத்துத் தேய்ந்ததும் கடிகாரத்துக்கு மாற்றப்பட்டது. கடிகாரமும் நின்றபின் கலம் உடைக்கப்பட்டது. அதனுள்ளிருந்த கரியை இலைச்சாற்றோடு அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுதல் நெடுங்காலமாகக் கிராமப் பள்ளிகளில் இருந்துவந்த வழக்கமே. அகத்தடை என்னும் சொல்லை அறியாத மக்கள் அதன் இயல்பை இவ்வளவு நுட்பமாகக் கையாண்டனர் என்க.

சோர்ந்த கலத்தை வெயிலிற் காயவைத்தல் மற்றொரு வழக்கம். முற்றத்தில் மிளகாயோடு கலங்களும் வரிசையாகக் கிடந்த காட்சி அக்காலத்தார் பலரும் அறிந்தது. இதனை மூடவழக்கம் என ஒதுக்குதல் பொருந்தாது. வெப்பம் ஏறப் பசையுள் அயன்களின் நகர்ச்சி விரையும். தங்கிய விளைபொருள்கள் பரவி அகலும். அகத்தடை சிறிது குறையும். அன்று மாலை வானொலி சற்றுத் தெளிவாகப் பேசும். ஆயினும் வெயில் கலத்துக்குப் புதிய ஆற்றலைத் தருவதில்லை. எஞ்சியதை விரைந்து எடுக்க உதவுவது மட்டுமே அதன் பணி. பலமுறை வெயில் கண்ட கலத்தின் நாகக் குவளை அரித்துத் துளைபட்டுக் கசியும். கசிந்த நீர் வானொலியின் செப்புத் தொடுகைகளைப் பச்சையாக்கிக் கெடுக்கும். கலத்தைத் துளைத்து உப்புநீர் ஊற்றுவோரும் இருந்தனர். உலர்ந்த பசையை நனைப்பதால் அதுவும் சிறிது பயன் தந்தது. ஆயினும் கருவிக்குத் தீங்கு மிகுதி.

பழைய கலங்கள் பலவற்றை மரப்பலகையில் தொடராக அடுக்கிக் கம்பியாற் பிணைத்து இயக்கியதும் உண்டு. நான்கு கலம் வேண்டிய வானொலிக்கு ஆறு, எட்டுக் கலங்கள் இடப்பட்டன. உவோற்றளவு கூடியது மெய்யே. அகத்தடைகளும் கூடவே கூடின. அவ்வரிசையில் முற்றும் சோர்ந்த கலமொன்று இருப்பின் ஏனையவற்றின் உழைப்பையும் அது விழுங்கிவிடும். நாவின் நுனியால் தொட்டுப் பார்த்தும், ரோச் குமிழோடு இணைத்துப் பார்த்தும் அத்தகைய கலத்தைக் கண்டு நீக்கினர். குமிழோடு இணைத்தலே சிறந்த சோதனை. ஏனெனில் சுமையிலாதபோது காட்டும் உவோற்றளவு பெரும்பாலும் பொய்யுரைக்கும்.

கலமே கிடையாதபோது துவிச்சக்கரவண்டி கைகொடுத்தது. வண்டியை நிலைத்தாங்கியில் நிறுத்திப் பின்சில்லைத் தரையினின்று உயர்த்தி, தைனமோவைச் சில்லோடு பொருந்தவைத்து, மிதியைக் கையாற் சுழற்றினர். தைனமோ 6 உவோற்று, 3 உவாற்று அளவினது. நான்கு கலங்களாலியங்கும் வானொலிக்கும் 6 உவோற்றே வேண்டும். இப்பொருத்தம் தற்செயலானதெனினும் பெரும்பயன் விளைத்தது. ஒரு தடையிருந்தது. தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி ஏற்பது நேரோட்டம். பழுதான வானொலிகளிலிருந்து கழற்றிய இருவாயிகளை ஊர்த் திருத்துநர்கள் பாலமாக இணைத்து இத்தடையைக் கடந்தனர்; கொள்ளளவியொன்றையும் சேர்த்து இரைச்சலைத் தணித்தனர். சுழற்றுவோன் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவர் குரலும் தளர்ந்தது. வேகம் மிகுந்தால் வானொலி கருகுமோ என்னும் அச்சம் எழுந்தது. சிறுவர்கள் முறைவைத்துச் சுழற்ற, முதியோர் வானொலியை அண்டிக் கேட்டனர்.

அவ்வாறு கேட்கப்பட்டது யாது? 1990 ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய புலிகளின் குரல் அங்கிருந்தே ஒலித்தது. கொழும்பு வானொலியும் எட்டியது. இரண்டும் போரிடும் இரு தரப்பாரின் குரல்கள். ஆகலின் மூன்றாவதொரு குரலுக்காக மக்கள் காத்திருந்தனர். இலண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை இரவு 9.15 மணிக்கு அரைமணி நேரம் ஒலித்தது. வெரித்தாஸ் வானொலியும் கேட்கப்பட்டது. 1996 ஆம் ஆண்டில் அரசு நாட்டின் கடிகாரங்களை முன்தள்ளியபோது புலிகளின் ஆட்சிப்பகுதி பழைய நேரத்தையே கடைப்பிடித்தது, தமிழோசையின் 9.15 அங்கு 9.15 ஆகவே நின்றது. அந்த அரைமணி நேரத்துக்காகவே பகல் முழுவதும் கலம் ஓய்ந்திருந்தது. ஓய்ந்த கலம் தேறுமாதலின் இது பொருளாதாரச் சிக்கனமாக மட்டுமன்றி இரசாயன முறையிலும் சரியான செயலாயிற்று.

செய்தியின் பெறுமதி அந்நாளில் எத்தகையதென்பதற்கு இடப்பெயர்வே சான்று. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாண வலிகாமத்தினின்று தொடங்கிய பெருவெளியேற்றத்தின் பின்னர்ப் பல்லாயிரவர் வன்னிக்கு வந்தனர். 1996 யூலையில் முல்லைத்தீவிலும் செப்தெம்பரில் கிளிநொச்சியிலும் பெரும்போர் நிகழ, மக்கள் மல்லாவி, அக்கராயன், புதுக்குடியிருப்புப் பகுதிகளில் மரநிழல்களின்கீழ்க் குடிசையிட்டனர். எப்பாதை திறந்துள்ளது, எவ்வூர் விழுந்தது, பேச்சுவார்த்தைக்கு வாய்ப்புண்டா என்பவற்றை அறிதற்கு வானொலியன்றி வேறு வழியில்லை. இரவில் எழுந்து மூட்டை கட்டுவதா, விதைப்புக்கு நிலம் பண்படுத்துவதா என்னும் முடிவு சில வேளைகளில் இரண்டு சோர்ந்த கலங்களில் தங்கிற்று.

2002 ஆம் ஆண்டு சனவரியில் பொருட்டடை தளர்த்தப்பட்டது. பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஏப்ரலில் கண்டி வீதி திறக்கப்பட்டது. கலங்கள் கடைகளில் மீண்டும் தொங்கின. வீடுகளில் 12 உவோற்று மோட்டார் வண்டிச் சேமிப்புக்கலம் தொலைக்காட்சியையும் குழல்விளக்கையும் இயக்கிற்று. கடைகளில் மின்பிறப்பாக்கி கொண்டு அவற்றுக்கு மின்னேற்றினர். இதிலும் தேர்வுப் பிழையொன்று நேர்ந்தது. மோட்டார் வண்டிக் கலம் எந்திரத்தைத் தொடக்குதற்குச் சில நொடி பேரோட்டம் தரும்படி மெல்லிய ஈயத்தட்டுகளால் ஆக்கப்பட்டது. அதனை நாடோறும் அடிவரை வெறுமையாக்கினால் தட்டுகள் விரைவிற் கெடும். தடித்த தட்டுடைய ஆழ்வெளியேற்றக் கலம் விலை மிக்கதாகலின் பலரும் இதனையே வாங்கி ஈராண்டுக்குள் எறிந்தனர். 2006 ஆம் ஆண்டு ஓகஸ்ற்றில் கண்டி வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து திங்களில், மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பதுங்குகுழிகளில் ஒடுங்கியிருந்தோர் கைகளிலும் வானொலியும் கலமும் இருந்தன. கைவிடப்பட்ட மூட்டைகளோடு வீட்டுப் படத்தொகுப்புகளும் அழிந்தன.

போரின் பின்னர் மின்வழிகள் மீண்டன. கொக்காவிலில் 174 மீற்றர் உயரமான தொலைத்தொடர்புக் கோபுரம் 2011 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நகர்களில் ஸ்ரூடியோ என வழங்கும் படப்பிடிப்பகங்கள் பெருகின. அவற்றின் தொழில் மங்கல நிகழ்ச்சிகளோடு அமைவதன்று. அழிந்த படத்தொகுப்புகளுக்கு ஈடாக எஞ்சிய ஒரேயொரு சிறு படத்தைப் பெரிதாக்கித் தருவதும் அவற்றின் பணி. 2017 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலருகே காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் ஏந்தியிருந்தவை அத்தகைய படங்களே. ஒரு படத்தின் பெறுமதியை இங்குள்ளார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தொழிலிலும் மின்கலத்தின் பழைய வினாவே வேறு வடிவில் எழுகின்றது. இன்றைய படப்பிடிப்பகத்தில் பளிச்சொளி விளக்குகள் கம்பியால் இணைக்கப்படுவதில்லை. கமராவின்மேல் அமர்ந்த சிறு கட்டுப்படுத்தி, தொழிலாளர் ‘ரிகர்’ என்பது, வானொலி அலையால் விளக்கை ஏவுகின்றது. விளக்கு எத்துணை ஆற்றல் மிக்கதாயினும் ஏவுங்கருவியின் சிறு கலம் தவறினால் மணவறையில் தாலி கட்டும் கணம் இருளிற் போகும். அக்கணம் மீள வாராது. கட்டுப்படுத்தியின் அடையாள விளக்கு எரிந்துகொண்டிருக்கப் பளிச்சொளி மட்டும் எழாமை கண்டு தொழிலுக்குப் புதியோர் மயங்குவர். ரோச் விளக்குக்குத் தோற்ற கலம் கடிகாரத்தை ஓட்டிய கதையே இதுவும். அடையாள விளக்கு கேட்பது சிற்றோட்டம். அலையை எழுப்பும் நொடியில் கருவி கேட்பது அதனிற் பன்மடங்கு. அந்நொடியில் உவோற்றளவு வீழ, ஏவல் வெளிச்செல்லாது அழிகின்றது.

கலத்தேர்விலும் வேறுபாடுண்டு. மலிவான ஏவுகருவிகள் சில 12 உவோற்றுச் சிறு கலத்தைக் கொள்கின்றன. அஃது ஒரு கலமன்று. எட்டுப் பொத்தான் கலங்கள் ஓர் உறையுள் அடுக்கப்பட்டது. எட்டில் ஒன்று சோரினும் அனைத்தும் சோரும் என்பதை மரப்பலகையில் கலம் அடுக்கியோர் நன்கறிவர். 1959 அளவில் விற்பனைக்கு வந்த காரக்கலம் அகத்தடை குறைந்தது, நெடுநாள் உழைப்பது. ஆயினும் கருவியுள் மறந்து விடப்பட்டால் கசிந்து தொடுகைகளை அரிக்கும். மின்னேற்றத்தக்க நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலம் 1.2 உவோற்றே காட்டும். அதனைக் குறையெனக் கருதுவோர் உளர். ஆனால் சுமையின்கீழும் அவ்வளவிலேயே பெரும்பாலும் நிற்றலே அதன் சிறப்பு. பழைய வகை சும்மாயிருக்கும்போதும் மின்னை இழந்துவிடும். வன்னியின் கோடை வெப்பம் அவ்விழப்பை மேலும் விரைவாக்கும். 2005 ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமான சன்யோ வெளியிட்ட, இழப்புக் குறைந்த வகை இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. இலிதியக் கலம் வெப்பத்தைத் தாங்கிப் பல்லாண்டு கெடாதிருக்கும், விலைதான் தடை.

2022 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாடளாவிய மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டபோது இவ்வறிவு மீண்டும் பயன்பட்டது. தென்னிலங்கையார் திகைத்த அளவுக்கு வன்னியார் திகைத்திலர் எனக் கூறுதல் மிகையாகாது.

அனுபவமிக்க படப்பிடிப்பாளர் புதிய கலத்தையும் பழைய கலத்தையும் கலந்து இடுவதில்லை. இரண்டையும் ஒருங்கே மாற்றுவர். வேலை முடிந்ததும் கலத்தைக் கழற்றி வேறாக வைப்பர். மணநாளுக்கு முன்னிரவில் உவோற்றுமானியை மட்டும் நம்பாது, ஏவுகருவியிலிட்டுத் தொடர்ச்சியாகப் பலமுறை ஏவிப் பார்ப்பர். அச்சோதனையில் ஒருமுறை தவறிய கலமும் மணவீட்டுக்குச் செல்வதில்லை. சுவர்க் கடிகாரத்துக்கு அஃது இன்னும் பல திங்கள் போதும்.